மழைக்கு மூடும் கலைக்கூடம்

(அபிஷேகப்பாக்கத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு; அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது)



வட்டாரக் கலைக்கூடம் ஒன்று ஓராண்டுக்கான கண்காட்சிகளை எப்படித் திட்டமிட வேண்டும் என்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். நிர்வாகம் சார்ந்த தலைப்பு என்று இதைச் சிலர் நினைக்கலாம். யாருடைய கலையை எங்கே, எப்போது, யாருக்கு முன்னால் வைக்கிறோம் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தத் திட்டம்தான். அதனால் இதைக் கலைக்கூடத்தின் உயிர்நாடி என்றே நான் கருதுகிறேன்.

புதுவை நகரத்துக்குள் பாரதி பூங்கா அருகே அரசு அருங்காட்சியகம் உண்டு, தனியார் கலைக்கூடங்கள் உண்டு. வடக்கே ஆரோவில்லிலும் காட்சிக்கூடங்கள் உண்டு. ஆனால் செய்கிற கைகளில் பெரும்பாலானவை கிராமக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் இருக்கின்றன. வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைப்பாடும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020 இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்தில் இருக்கிறது. முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், தவளக்குப்பத்திலிருந்து பாகூர் வரையிலான ஊர்களில் வாழும் ஒரு குடும்பம் மாலையில் நடந்துபோய்ப் பார்த்துவர ஒரு கண்காட்சி இல்லை. அப்படி ஒரு கூடம் இங்கே அமையும் என்று நம்பி, அதன் முதல் ஆண்டுக்கான திட்டத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

என் மையக் கருத்து இது. கலைக்கூடத்தின் ஆண்டு, வட்டாரத்தின் ஆண்டோடு பொருந்த வேண்டும். செய்பவருக்குக் கை ஒழியும் மாதம், பார்ப்பவருக்குப் பொழுது கிடைக்கும் மாதம், பொருள் கெடாமல் இருக்கும் மாதம் ஆகிய மூன்றும் கூடுகிற இடத்தில் கண்காட்சி வைக்க வேண்டும். கூடாத மாதங்களில் கதவை அடைத்துவிட வேண்டும். இப்படிக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நான்கு கண்காட்சிகளும் மழைக்கால மூடலும் கிடைக்கின்றன. இந்தக் கணக்கை ஏழு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. தேதிப் பதிவேட்டிலிருந்து தொடங்கக் கூடாது

நம்மிடம் உள்ள பல கலைக்கூடங்களின் ஆண்டு ஒரு பதிவேட்டில் அடங்கிவிடுகிறது. யார் முதலில் விண்ணப்பித்தார்களோ அவர்களுக்கு ஒரு வாரம் ஒதுக்குவார்கள். திங்களன்று படம் மாட்டுவது, செவ்வாயன்று குத்துவிளக்கு ஏற்றுவது, ஞாயிறன்று கழற்றுவது என்று அந்த வாரம் போய்விடும். பெருநகரத்தில் இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. மும்பையில் 1952 இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் வாசலில் நாள் முழுதும் ஆள் நடமாட்டம் இருக்கிறது. அங்கே ஒரு வாரக் காட்சிக்கும் பார்வையாளர் சேர்ந்துவிடுவார்கள்.

கிராமத்தில் செய்தி பரவும் வேகம் வேறு. முதல் வாரத்தில் பக்கத்துத் தெருவினர் வருவார்கள். இரண்டாம் வாரத்தில் அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் வருவார்கள். ஒரு பள்ளி வர வேண்டுமானால் தலைமையாசிரியர் அனுமதி தர வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும், வண்டி அமைய வேண்டும். அதற்கே மூன்று வாரம் ஓடிவிடும். ஆகவே இங்கே ஒரு கண்காட்சிக்கு ஏழெட்டு வாரமாவது வேண்டும். ஒன்றைக் கழற்றி அடுத்ததை மாட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆண்டுக்கு நான்கு என்ற எண்ணிக்கையை இந்தக் கணக்கே தந்துவிடுகிறது. எண்ணிக்கை குறைகிறதே என்று யாரும் வருந்த வேண்டாம். நாற்பது தொடக்க விழாக்களைவிட, ஊரார் இரண்டாம் முறையும் வந்து பார்க்கும் நான்கு கண்காட்சிகள் பெரியவை.

2. செய்பவரின் மாதங்கள்

கைவினைஞரை அழைக்கும் அமைப்புகள் பெரும்பாலும் அவருடைய வேலை மும்முரத்தில்தான் அழைக்கின்றன. பொங்கலுக்கு முன்பு குயவர் வீட்டுக்குப் போய்க் கண்காட்சிக்குக் கலம் கேட்டால் அவர் என்ன செய்வார்? மார்கழி முழுதும் பொங்கல் பானை, ஆவணிக்கு முன்பு பிள்ளையார், கார்த்திகைக்கு முன்பு அகல் என்று அவருடைய ஆண்டு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மழைக்காலத்தில் வனைந்தது காயாது, சூளையும் வைக்க முடியாது. பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் மாசியும் பங்குனியும்தான் அவர் நிதானமாக உட்கார்ந்து பேசக்கூடிய மாதங்கள்.

கூத்துக் கலைஞர்களின் கணக்கு வேறு. பங்குனி பிறந்தால் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். ஆடி வரை ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். அப்போது கிரீடத்தையும் மார்ப்பதக்கத்தையும் புஜக்கட்டையையும் கண்காட்சிக்குக் கேட்பது, ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதற்குச் சமம். அவை பெட்டிக்குள் உறங்குவது கார்த்திகையிலிருந்து தை வரைதான். காகிதக்கூழ்ப் பொம்மை செய்பவர்களுக்கு ஆடியிலிருந்தே கொலு வேலை வந்துவிடும். கூழ் காய வெயில் வேண்டும் என்பதால் சித்திரையும் வைகாசியும் அவர்களுக்கு உகந்தவை.

இந்த மாதங்களை எந்தக் கலைநூலிலும் தேட வேண்டாம், வீடுவீடாகப் போய்க் கேட்டாலே தெரிந்துவிடும். திட்டக்குழு செய்ய வேண்டிய முதல் களப்பணி இதுதான்.

3. பார்ப்பவரின் மாதங்கள்

பாகூர், புதுவையின் நெற்களஞ்சியம். தையில் சம்பா அறுவடை தொடங்கினால் வீட்டில் ஒருவருக்கும் ஓய்விருக்காது. ஆனால் மார்கழிக் கடைசியிலும் பொங்கல் விடுமுறையிலும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். அந்தப் பத்து நாளில் வரும் கூட்டம் வேறெப்போதும் வராது. மார்ச்சில் பரீட்சை என்பதால் பள்ளிகளை அழைக்க முடியாது, பெரியவர்களை அழைக்கலாம். மே விடுமுறையில் ஆசிரியர் இல்லாமலே குழந்தைகள் வருவார்கள். பகல் வெயிலில் யாரும் வரமாட்டார்கள். அதனால் கோடையில் கூடத்தை மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூட வேண்டும்.

திருவிழாக்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்தன்றும், ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரன்றும் கூடத்தில் ஆளிருக்காது. அன்று விடுமுறை விட்டுவிடலாம். இவ்வூருக்கு மட்டும் உரிய வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. சிங்கிரிகுடி இலட்சுமி நரசிம்மர் கோயில் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் தவளக்குப்பத்தில் இறங்கி வருகிறவர்கள் அபிஷேகப்பாக்கத்தைத் தாண்டித்தான் அங்கே போகிறார்கள். பதினாறு கை நரசிம்மரைத் தரிசிக்க வைகாசி உற்சவத்துக்கு வரும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி இங்கே இறங்கினாலும், நம் கூடம் புதுவையாருக்கும் தமிழ்நாட்டாருக்கும் பொதுவாகிவிடும். புதுவை நிலமும் தமிழ்நாட்டு நிலமும் பின்னிக் கிடக்கும் இந்தப் பகுதியில் கலைக்கூடம் எல்லைக்கோடு பார்க்கக் கூடாது.

4. பொருளின் மாதங்கள்

நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மாதங்களில் காற்றின் ஈரம் ஏறும்போது காகிதம் அலையலையாக வளைகிறது, மரம் உப்பி வண்ணப்பூச்சு வெடிக்கிறது, காகிதக்கூழில் பூஞ்சை படிகிறது. நாள் முழுதும் குளிரூட்டியை ஓட்டும் வசதி நம் கூடத்துக்கு வராது. வந்தாலும் புயலன்று மின்சாரம் இருக்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்த வாரம் இங்கே ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேரளத்தின் கொச்சி–முசிறிஸ் பினாலே இதில் நமக்குப் பாடம். 2012 டிசம்பர் 12 அன்று முதன்முதலாகத் தொடங்கிய அந்தப் பெருங்காட்சி, தென்மேற்குப் பருவத்துக்கு முன்பே முடிந்துவிடும்படி அமைந்தது. அதே பினாலே 2022 இல் டிசம்பர் 12 என்று அறிவித்த நாளில் முதன்மைக் கூடங்களைத் திறக்க முடியாமல் 23 ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. சொல்லப்பட்ட காரணங்களில் மழையும் ஒன்று. பெரிய அமைப்பையே பருவம் தடுக்கிறது என்றால், சிறிய அமைப்பு அதோடு மல்லுக்கு நிற்பதில் பொருளில்லை.

ஒளியும் கவனிக்க வேண்டியது. காகிதம், துணி, பழைய புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் போதும் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். ஒளியால் வெளுத்த நிறம் திரும்பாது. சுட்ட மண்ணுக்கு இந்தக் கவலை இல்லை. ஆகவே சன்னல்களைத் திறந்துவைக்க விரும்பும் மாதத்துக்கு மண்ணையும், அடைத்துவைக்கும் மாதத்துக்குக் காகிதத்தையும் ஒதுக்க வேண்டும்.

5. நான்கு கண்காட்சிகள்

முதலாவது, மார்கழித் தொடக்கத்திலிருந்து தைக் கடைசி வரை: கூத்தணிகள். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய கிரீடங்களை அருகில் நின்று பார்த்தவர் குறைவு. இரவு வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்க்கச் செய்த பொருள் அது. கிட்டப் பார்த்தால்தான் செதுக்கியவரின் உளித்தடமும், பழைய சில்லு உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒட்டியதும், நெற்றியில் பட்டுப் பட்டு வழவழப்பான உள்விளிம்பும் தெரியும். எந்த வேடத்துக்கு எந்த முடி என்பதைக் கூத்து வாத்தியார்களே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து விளக்க வேண்டும்.

இரண்டாவது, மாசி நடுவிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரை: மண். நமக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. தொல்லியலாளர்களான மார்டிமர் வீலர் 1945 இலும், கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் அகழ்ந்த இடம். இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் கலங்களோடு, உள்ளடியில் வட்ட வட்டமாகப் பொடிக்கோடு பதித்த மெல்லிய தட்டுகளும் அங்கே கிடைத்தன. தொல்பொருள்களை இரவல் பெறுவது எளிதன்று. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும், பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் செலவும் சிறு கூடத்தைத் தயங்கவைக்கும். ஆகவே நான் வேறொரு வழி சொல்கிறேன். அந்தத் தட்டின் படங்களையும் அளவுகளையும் இன்றைய குயவர்களிடம் கொடுத்து, அதே கோட்டைத் தம் சக்கரத்தில் பதித்துப் பார்க்கச் சொல்வோம். சரியாக வந்த தட்டையும் வராத தட்டையும் சேர்த்தே வைப்போம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பிருந்த கையின் திறம் என்ன என்பதை அந்த முயற்சி காட்டிவிடும்.

மூன்றாவது, மே முதல் ஜூன் வரை: இளையோர். பல்கலைக்கூடத்தில் படிப்பு முடிக்கும் மாணவர்களின் ஓவியமும் சிற்பமும் ஒரு பக்கம், குழந்தைகள் திருக்கனூர்க் கலைஞர்களோடு உட்கார்ந்து செய்யும் காகிதக்கூழ் உருவங்கள் மறுபக்கம். கலை வேறு, கைவினை வேறு என்று சுவர் எழுப்ப வேண்டாம். 1966 இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஓவியர்களே பாத்திக் முதலான கைவினைகள் செய்து விற்ற பணத்தில் வேர்விட்டது. இந்தக் கண்காட்சியில் படங்களின் நடுக்கோட்டை வழக்கமான 145, 150 சென்டிமீட்டரிலிருந்து ஒரு சாண் இறக்கி மாட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்க்கும்படி இருக்கக் கூடாது.

நான்காவது, ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை: நிழற்படமும் ஆவணமும். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்க் கொம்யூனின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. கீழூர் நினைவிடத்தில் ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றுகிறார்கள். அந்த நாள் இந்தக் கண்காட்சிக்குள் வர வேண்டும். அலமாரிகளில் இருக்கும் குடும்பப் புகைப்படங்கள், பிரெஞ்சுக் காலப் பிறப்புச் சான்றுகள், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களே இதன் முதுகெலும்பு. 1955 இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னகக் கோயில்கள், சிற்பங்கள் குறித்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களைக் காத்துவருகிறது. நம் ஊர்க் கோயில்களின் பழைய தோற்றத்தைக் கேட்டுப் பெற அந்த வாசலைத் தட்டலாம். காட்சி நீண்டது என்பதால், அசல் காகிதங்கள் எவையேனும் இருந்தால் பாதியில் இறக்கி, வேறு சிலவற்றை மாட்ட வேண்டும்.

6. மூடிய மாதங்களின் வேலை

ஐப்பசியும் கார்த்திகையும் கதவு மூடியிருக்கும். அறுவடை முடிந்த வயலை ஆறப்போடுவது போன்றது இந்த மூடல். அடுத்த விளைச்சல் அதில்தான் தொடங்குகிறது. கூரையும் மின்கம்பியும் பழுது பார்க்கப்படும். மார்கழிக் கண்காட்சிக்கான சுவர்க்குறிப்புகள் எழுதப்படும். அதற்கடுத்த ஆண்டுக்கு யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கப்படும்.

இதில் நான் வலியுறுத்த விரும்புவது நிலைக்குறிப்பு. ஒரு பொருளை இரவல் வாங்கும்போது அதன் நிலையை உரியவர் முன்னிலையிலேயே எழுத வேண்டும். "கிரீடம், உயரம் இவ்வளவு, இடப்பக்கம் மேல்வரிசையில் மூன்று கண்ணாடிச் சில்லு இல்லை, பின்கட்டுக் கயிறு புதிது, அடிவிளிம்பில் விரற்கடை நீள விரிசல்" என்று எழுதி, நான்கு புறமும் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்டு ஒரு படியை உரியவரிடம் தர வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நாளில் அதே தாளை வைத்து ஒப்பிட வேண்டும். படிக்கத் தெரியாத முதியவராக இருந்தால் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு ஜமாவின் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை மதிக்கிறோம் என்பதற்கு இந்தத் தாளே அடையாளம்.

மூடல் முடிந்தாலும் ஆபத்து முடிந்துவிடாது. தானே புயல் 2011 இல் டிசம்பர் 30 அன்று வந்தது. ஆகவே முதல் கண்காட்சியின் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பெட்டி அதே கூடத்தில் தயாராக இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த மூன்று மணி நேரத்தில் எல்லாம் உயரமான அறைக்கு ஏறிவிட வேண்டும். அதை யார் யார் செய்வது என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

7. பணம் ஆண்டுதோறும் வர வேண்டும்

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் அறமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கொடுத்தவர்கள் ஒரு பொற்குவியலைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் விளையும் நிலத்தைக் கொடுத்தார்கள். கல்வி ஆண்டுதோறும் நடக்க வேண்டிய வேலை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் காலத்தில் கலைக்கூடங்களுக்குக் கட்டடத்துக்கும் திறப்பு விழாவுக்கும் பணம் கிடைத்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டின் விளக்குக்கும் காவலருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே நன்கொடை தருகிறவர்களிடம் நான் வேண்டுவது, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் வரும் தொகையாக அதைத் தாருங்கள் என்பதே. அந்தத் தொகையில் கால்பங்கு கலைஞர்களுக்குப் போக வேண்டும். பொருள் தந்ததற்கு, வந்து பேசியதற்கு, செய்து காட்டியதற்கு எனத் தனித்தனியே ஊதியம் வேண்டும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் ஊதியம் ஆகமாட்டா. அச்சுக்கும் விழாவுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சினால் கலைஞருக்கு என்ற வழக்கத்தை இந்தக் கூடத்தின் முதல் ஆண்டிலேயே முறிக்க வேண்டும்.

அவையோரே, இந்த ஏழு கூறுகளையும் ஒரே ஆண்டில் நிறைவேற்றக் கட்டடம் வேண்டுமே என்று கேட்பீர்கள். கட்டடத்துக்கு முன்பே செய்யக்கூடியவை மூன்று. இந்த மழைக்காலத்திலேயே புதுவையின் ஐந்து கொம்யூன்களின் கைவினைஞர்களையும் கூத்து ஜமாக்களையும் வீடுவீடாகச் சந்தித்து, அவரவர் மாதங்களைக் குறித்த ஓர் ஆண்டட்டவணையை மாணவர்கள் தயாரிக்கலாம். பள்ளிகள் தத்தம் ஊர்ப் புகைப்படங்களை நகலெடுத்து, யார், எங்கே, எந்த ஆண்டு என்ற குறிப்போடு சேர்க்கலாம். வரும் மாசியில் ஒரு பள்ளி வகுப்பறையை மாலை நேரங்களில் மட்டும் கேட்டுப் பெற்று, மண் கண்காட்சியைச் சிறிய அளவில் நடத்திப் பார்க்கலாம். அதற்கு வேண்டியவை நான்கு மேசை, இரண்டு விளக்கு, ஒரு சக்கரம், தம் வேலையைப் பற்றிப் பேச விருப்பமுள்ள ஒரு குயவர். முதல் வேலைக்கான குழுவை இந்தக் கூட்டம் கலைவதற்குள் அமைத்துவிடுங்கள் என்று அவைத்தலைவரை வேண்டி முடிக்கிறேன்.